தாளின் ஓரத்தில் நின்ற பெண்

"எனக்கு வரையவே தெரியாது, மேடம்." ஓவியவழிச் சிகிச்சைக்கு வரும் பெண்கள் பலரும் என்னிடம் முதலில் சொல்வது இதைத்தான். "உங்களை வரையுங்கள்" என்றால் கணவர், பிள்ளைகள், மாமியார் என்று எல்லோரையும் வரைந்துவிட்டு, தனக்கு இடமில்லையே என்று நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஒருவரைப் பற்றி அவருடைய சம்மதத்துடன், அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். ஐம்பதை நெருங்கும் வயது. மாதவிலக்கு நின்ற பிறகு, "நான் இனி யார் என்றே தெரியவில்லை" என்று வந்தவர். நீலப் புடவையில் தன்னை வரைந்தார், தாளின் வலது ஓரத்தில். ஒரு தோளும் கையும் தாளுக்கு வெளியே போயிருந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு தாளை எடுத்து அதன் பக்கத்தில் ஒட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்திருந்தவர், தூரிகையை நீலத்தில் தோய்த்துத் தோளை அந்தப் பக்கம் இழுத்தார். ஒட்டிய இடத்தில் வண்ணம் சற்றுத் தேங்கியது. அதை விரலால் தள்ளிவிட்டுக் கையையும் வரைந்து முடித்தார். "இந்தக் கையில் எதையும் கொடுக்கப் போவதில்லை, சும்மா இருக்கட்டும்" என்றார்.

அந்த வெறுங்கைக்கு நான் ஒரு பொருள் சொல்லியிருந்தால் அது என் படமாகியிருக்கும். கருப்பு என்றால் சோகம், சிவப்பு என்றால் கோபம் என்று அகராதி போல வாசிப்பதை நான் ஏற்பதில்லை. படத்தின் பொருளை வரைந்தவர்தான் சொல்ல வேண்டும்.

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1939இல், மணமுறிவு நேர்ந்த ஆண்டில், 'இரண்டு ஃப்ரீடாக்கள்' வரைந்தார். ஐரோப்பிய வெள்ளை உடையில் ஒருத்தி, மெக்சிகோவின் மரபு உடையான டெவானாவில் இன்னொருத்தி. வெளியே தெரியும் இரு இதயங்களையும் ஒரே இரத்தக்குழாய் இணைக்கிறது. எது உண்மையான நான் என்று தவிப்பவர்களிடம் இந்தப் படத்தைக் காட்டுவேன். இரண்டில் ஒன்றை அவர் அழித்துவிடவில்லை. கைகோத்து உட்கார வைத்திருக்கிறார்.

வீட்டிலேயே தொடங்கலாம், மலிவான வண்ணங்களே போதும். வரைந்த கையோடு "எப்படி இருக்கிறது?" என்று யாரிடமும் நீட்டாதீர்கள், பாராட்டுக்காக வரையும் பழக்கம் உடனே ஒட்டிக்கொள்ளும். வரையும்போது பழைய வன்முறையோ இழப்போ மேலெழுந்து உறக்கம் கெட்டால், தாளை மூடிவைத்துவிட்டு மனநல நிபுணரைப் பாருங்கள். மருத்துவர் தந்த மாத்திரையை ஓவியத்தை நம்பி நிறுத்திவிடவும் வேண்டாம்.