நிறத்தை நம்பாமல் எலும்பைப் பார்க்க வேண்டிய மீன்கள்

வட அட்லாண்டிக், வட பசிபிக் கரையோரங்களின் குளிர்ந்த அடித்தரையில் வாழும் சிறு மீன்களை நிறத்தை வைத்து இனங்காண முயல்பவர் பெரும்பாலும் தவறுகிறார். பாறை, பாசி, சரளை என எதன்மேல் கிடக்கின்றனவோ அதன் சாயலுக்கு ஒத்துப்போவதே இம்மீன்களில் பலவற்றின் தற்காப்பு என்பதால், ஒரே இனத்தின் இரண்டு மீன்கள் வேற்றினங்களைப் போலவும், வேற்றினங்கள் ஒன்றைப் போலவும் தோன்றிவிடும்.

ஆகவே முதலில் மீனைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் இணைந்து வட்டமான ஒட்டுறிஞ்சியாக மாறியிருந்தால், அது பெரும்பாலும் ஸ்னெயில்ஃபிஷ் அல்லது லம்ப்சக்கர். அலையடிக்கும் பாறையைப் பற்றிக்கொள்ள உதவும் உறுப்பு இது. தோல் கூழ்போலத் தளர்ந்து, செதிலின்றி வழுவழுப்பாக இருந்தால் முன்னது; உருண்ட உடலில் எலும்புக் குமிழ்கள் வரிசையாக நின்றால் பின்னது.

ஒட்டுறிஞ்சி இல்லாமல், பெரிய தலையும் விசிறிபோல் விரியும் மார்புத் துடுப்புகளும் இருந்தால் ஸ்கல்பின் குடும்பத்தை நினைக்கலாம். இங்கே விடை கன்னத்தில், செவுள் மூடிக்கு முன்னுள்ள எலும்பின் முட்களில் இருக்கிறது. வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் நெடுங்கொம்பு ஸ்கல்பினும் குறுங்கொம்பு ஸ்கல்பினும் ஒன்றாகவே அகப்படுகின்றன. முன்னதன் மேல் முள், அதற்கடுத்துக் கீழே உள்ள முள்ளைப்போல் ஏறக்குறைய 4 மடங்கு நீளம். பின்னதில் அது 2 மடங்கைத் தாண்டுவதில்லை. ஆர்க்டிக், பால்டிக் கடல்களின் நாற்கொம்பு ஸ்கல்பினுக்குத் தலையில் சொரசொரப்பான 4 எலும்புக் குமிழ்கள் உண்டு. ஆனால் நன்னீர் ஏரிகளில் தங்கிவிட்ட அதன் கூட்டங்களில் இவை சிறுத்தோ இல்லாமலோ போவதால், இந்த ஓர் அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொள்வது சரியன்று.

விலாங்குபோல் நீண்ட மீன்களில்தான் குழப்பம் மிகுதி. பாறை கன்னெலின் முதுகுத் துடுப்பு முழுவதும் முட்களால் ஆனது. அதன் அடியோரம் வெளிறிய விளிம்புடைய கரும்புள்ளிகள் 9 முதல் 13 வரை வரிசையாக இருக்கும். நிறத்தை நம்பக்கூடாது என்ற விதிக்கு இந்தப் புள்ளிகள் நல்லதொரு விலக்கு. குட்டி ஈனும் ஈல்பவுட்டிலோ முதுகுத் துடுப்பு பெரும்பகுதி மென்மையான கதிர்களால் ஆனது. வாலருகே ஓரிடத்தில் தாழ்ந்து, பின்னர் வால் துடுப்போடும் குதத் துடுப்போடும் ஒரே விளிம்பாகக் கலந்துவிடும். அந்தத் தாழ்வைக் காண ஈரத் தட்டில் மீனைக் கிடத்தி, துடுப்பைத் தூரிகை நுனியால் மெல்ல நிமிர்த்தினாலே போதும்.

இளம் மீன்களிலும், ஸ்னெயில்ஃபிஷ்களின் நெருங்கிய இனங்களிலும் வெளித்தோற்றம் பல நேரம் கைகொடுப்பதில்லை. அங்கே 2003-இல் உயிரியலாளர் பால் ஹெபர்ட் குழுவினர் முன்வைத்த டி.என்.ஏ. பட்டைக்குறி முறை உதவுகிறது. மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுவின் ஏறக்குறைய 650 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள பகுதியை, பெயர் உறுதிசெய்யப்பட்ட மீன்களின் அதே பகுதியின் எழுத்து வரிசைகளோடு ஒப்பிடுகிறார்கள். அதற்கான சிறு துடுப்புத் துண்டை எத்தனாலில் இட வேண்டும். ஃபார்மலினில் இட்டால் டி.என்.ஏ. சிதைந்துவிடும்.