கத்தி ஒடிவது பிடிக்குள்ளேதான்

போன வாரம் ஒரு தம்பி வலது கையில் கட்டோடு பட்டறைக்கு வந்தான். பையிலிருந்து இரண்டு துண்டாகக் கிடந்த கத்தியை எடுத்து வைத்தான். "அண்ணாச்சி, இதை வெல்டு வச்சுத் தர முடியுமா? 1,200 ரூவா கொடுத்து வாங்கினது" என்றான். உள்ளங்கையில் எட்டுத் தையல். களக்காடு பக்கம் நண்பனின் வாழைத் தோட்டத்தில் ராத்தங்கலாம் என்று நாலு பேர் போயிருக்கிறார்கள். அடுப்புக்குச் சீமைக்கருவை விறகைப் பிளக்கக் கத்தியை மேலே வைத்து, முதுகில் கட்டையால் அடித்திருக்கிறான். கத்தி பாதியில் மாட்டிக்கொண்டது. திருகி எடுக்கப் பார்த்தபோது பிடி தனியாகக் கழன்று வந்து, கை போன வேகத்தில் அலகின் மேலேயே விழுந்துவிட்டது.

இந்த வருஷம் என்னிடம் இப்படி வந்த நாலாவது கத்தி இது. நாலும் ஒரே மாதிரி. வெளியே பார்க்கக் கம்பீரமாக இருக்கும். முதுகில் ரம்பப் பல், பிடியின் கடைசியில் திருகு மூடி, மூடியில் திசைகாட்டி, உள்ளே தீக்குச்சியும் தூண்டில் நரம்பும். "காட்டில் உயிர் காக்கும் கத்தி" என்று சொல்லி விற்கிறார்கள். மூன்று தலைமுறையாக இரும்பு அடிக்கிற குடும்பத்தில் பிறந்தவன் சொல்கிறேன்: தீக்குச்சி வைக்க இடம் இருக்கிறது என்றால் அங்கே இரும்பு இல்லை என்று அர்த்தம்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். கத்தி வாங்க வருகிறவர்கள் அலகை மட்டும்தான் பார்க்கிறார்கள். எவ்வளவு நீளம், எவ்வளவு பளபளப்பு, நகத்தில் வைத்தால் சீவுகிறதா. பிடிக்குள் என்ன இருக்கிறது என்று யாருமே கேட்பதில்லை. உங்கள் வீட்டு மம்பட்டியை நினைத்துப் பாருங்கள். தகடு நுனியில் தேயும். ஆனால் கணை, அதாவது மரக் கைப்பிடி, ஒடிந்தால் எப்போதும் அது தகட்டுக்குள் நுழைகிற காதுக்குப் பக்கத்தில்தான் ஒடியும், ஏனென்றால் மொத்த பாரமும் அங்கேதான் வந்து சேருகிறது. கத்திக்கும் அதே கணக்கு. நீங்கள் நுனியில் கொடுக்கிற ஒவ்வொரு அழுத்தமும் அலகும் பிடியும் சேருகிற இடத்தில் வந்து நிற்கும். தீக்குச்சி வைக்கிற மாதிரி உள்ளே வெற்றாக இருக்கிற குழாய்ப் பிடிக் கத்தியில் அந்த இடத்தில் இருப்பது ஒரு அங்குலத்துக்கும் குறைவான சின்னத் துண்டும், அதைப் பிடித்திருக்கிற ஒரு நட்டு அல்லது ஒரு பின்னும்தான். அலகு எவ்வளவு நல்ல இரும்பாக இருந்தாலும் அந்த நட்டின் பலம்தான் உங்கள் கத்தியின் பலம். பிடியும் அலகும் ஒரே இரும்பில் கடைந்தெடுத்த குழாய்ப் பிடிக் கத்திகளும் உலகத்தில் உண்டு. அவை 1,200 ரூபாய்க்குக் கிடைக்காது.

வெல்டு வைக்க நான் ஒத்துக்கொள்ளவில்லை. வெல்டு சூட்டில் சுற்றியுள்ள தோய்ச்சல், அதாவது காய்ச்சி எண்ணெயில் முக்கி ஏற்றின இறுக்கம், போய்விடும், ஒட்டின இடத்தை ஒட்டியே மறுபடி நொறுங்கும். அடுத்த தடவை யார் கையில் இறங்கும் என்று தெரியாத ஒன்றை நான் ஒட்டித் தர மாட்டேன். எவ்வளவு காசு கொடுத்தாலும்.

சரி, எதை வாங்குவது? அலகு இரும்பு அப்படியே அகலம் குறையாமல் பிடியின் கடைசி வரை போக வேண்டும். கடைக்காரர்கள் "ஃபுல் டாங்" என்று சொல்வது இதைத்தான். பிடியை விளிம்பாகத் திருப்பிப் பார்த்தால் இரண்டு மரச் சில்லுக்கு நடுவே இரும்பு முழுக்கத் தெரியும். தெரியவில்லை என்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். "அரிவாளுக்கும் மெல்லிய காம்புதானே, அது ஒடிகிறதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். அரிவாளை வீசி வெட்டுகிறோம், அதன் முதுகில் யாரும் கட்டையால் அடிப்பதில்லை, நெம்புவதும் இல்லை. காம்பு நீளமாக இறங்கி, மேலே பூணும் இருக்கிறது. வேலை வேறு, அதனால் கட்டுமானமும் வேறு.

இன்னொரு இடத்தையும் பாருங்கள். அலகு முடிந்து பிடி தொடங்குகிற மூலை மட்டம் போட்டு வெட்டினதுபோல் கூர்மையாக இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அந்த மூலை வளைந்து இறங்க வேண்டும். நான் அங்கே வட்ட அரம் போடாமல் எந்தக் கத்தியையும் வெளியே விடுவதில்லை.

அலகு 4 முதல் 5 அங்குலம் போதும். கனம் 4 மில்லிமீட்டர். பத்து அங்குலம் கேட்டு வருகிற தம்பிகளிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். கத்தி குச்சி சீவவும், கயிறு அறுக்கவும், சுள்ளி பிளக்கவும்தான். மரம் வெட்ட வேண்டுமென்றால் வெட்டரிவாள் இருக்கிறது. முதுகு ரம்பம் எதையும் ஒழுங்காக அறுக்காது, கட்டையால் அடிக்கவும் விடாது. மடக்குக் கத்தி பழம் நறுக்க வைத்துக்கொள்ளுங்கள், விறகுக்கு வேண்டாம்.

இரும்பைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நாங்கள் இங்கே அதிகமாக எடுப்பது லாரி ஸ்பிரிங் பட்டை. அரை சதவீதத்துக்கு மேல் கார்பன் இருப்பதால் நன்றாக இறுகும், அடி தாங்கும். ஆனால் "ஒரிஜினல் லாரி பட்டை" என்ற ஒரு வார்த்தையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பல வருஷம் பாரம் சுமந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அதைவிட முக்கியம், எண்ணெயில் தோய்த்த பிறகு மறுபடி இளஞ்சூட்டில் காட்டி வைக்கோல் நிறம் வரும்வரை பதம் இறக்க வேண்டும். அவசரக்காரப் பட்டறைகள் இதை விட்டுவிடுகின்றன. அந்தக் கத்தி கண்ணாடி மாதிரி, கல்லில் விழுந்தாலே போச்சு. புது அரத்தைக் கத்தியின் வாயில், அதாவது கூர் விளிம்பில், லேசாக வைத்துத் தள்ளிப் பாருங்கள். வழுக்கினால் இறுகியிருக்கிறது, சுரண்டிக்கொண்டு போனால் வெறும் தகடு. இரும்பின் இறுக்கத்தைச் சொல்கிற ராக்வெல் எண் போட்டு விற்றால் 56 முதல் 58 வரை பாருங்கள். 60க்கு மேல் போனால் கூர் நிற்கும், விறகு பிளக்கும்போது வாய் பெயரும்.

எவர்சில்வர் கத்தி துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் மலிவானவை கூர் நிற்காமல் அரை மணி நேரத்தில் மழுங்கும், மழுங்கின கத்தியைத்தான் ஆள் பலம் கொடுத்து அழுத்துகிறான், அப்போதுதான் கை நழுவுகிறது. நம் மேற்கு மலையில் இரண்டு பருவமழையும் பெய்யும், கார்பன் இரும்பு ஒரே ராத்திரியில் சிவக்கும். துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஈரமாகத் தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள்.

உறை என்றதும் திசையன்விளை பக்கத்துப் பனையேறிகள் நினைவுக்கு வருகிறார்கள். முடியைச் சீவுகிற கூரில் பாளை அரிவாளை வைத்திருப்பார்கள். ஆனால் இடுப்பில் அரிவாள் பெட்டி இல்லாமல் ஒருவர்கூட மரத்தில் கை வைக்க மாட்டார். நீங்களோ உறையில்லாத கத்தியைப் பைக்கின் பெட்ரோல் டேங்க் கவரில் செருகி வருகிறீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

காட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். களக்காடு முண்டந்துறை 1988-லிருந்து புலிகள் காப்பகம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது, அந்தச் சட்டம் ஆயுதம் என்று சொல்வதில் கத்தியும் சேர்த்தி. காரையாறுக்கோ சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கோ குடும்பத்தோடு போகிறவர்கள் இதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதம் என்று ஒரு கணக்கும் இருக்கிறது, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவை அதில் சேராது. நான் சொல்கிற ஐந்து அங்குலக் கத்திக்கு அந்தக் கவலை வராது.

விறகு பிளக்கும்போது இது மட்டும் செய்யுங்கள். கட்டையைத் தரையில் நிறுத்தி, கணு இல்லாத பக்கமாகக் கத்தியை வையுங்கள். பிடியைத் தளர்வாகப் பிடித்து, அடியை அலகின் முதுகில் மட்டும் போடுங்கள். மாட்டிக்கொண்டால் திருகாதீர்கள், நெம்பாதீர்கள். இன்னொரு கட்டையை ஆப்பு மாதிரி பிளவில் இறக்குங்கள், கத்தி தானாக விடும்.

அந்தத் தம்பியிடம் தையல் பிரித்த பிறகு வரச் சொல்லியிருக்கிறேன். அவன் கை அளவுக்குக் கருவேலம் பிடி போட வேண்டும், கட்டோடு அளவெடுக்க முடியாது. இதைப் படிக்கிற உங்களில் யாரிடமாவது திருகு மூடிக் கத்தி இருந்தால் இன்றைக்கே மூடியைக் கழற்றி, செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள். அடியில் ஒரே ஒரு நட்டு தெரிந்தால், அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல் என் பட்டறையிலோ உங்கள் ஊர்ப் பட்டறையிலோ கொண்டுபோய்ப் பழைய இரும்பாகப் போட்டுவிடுங்கள்.