அலுமினியத்தில் நானோகுழாய்: அளவைவிடக் கலவைதான் முக்கியம்

அலுமினியத்தை வலுவாக்க அதில் கார்பன் நானோகுழாய், அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கார்பன் குழாய், கலப்பதுண்டு; எடையில் 1 சதவீதம் போதும். 99 கிராம் அலுமினியத் தூளுக்கு 1 கிராம். 4, 5 சதவீதம் போட்டு, வலு ஏறவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. நானோகுழாய்கள் சிக்கு விழுந்த முடிபோல ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகவே வரும். கட்டியின் உள்ளே உலோகம் புகாததால் அந்த இடம் ஓட்டைக்குச் சமம். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

உருக்கிய அலுமினியத்தில் கொட்டிக் கிளறுவதும் பெரும்பாலும் வீண். உருகிய அலுமினியம் கார்பன்மீது படியாது. குழாய்கள் மிதந்து கசடோடு வந்துவிடும். அதனால் தூள் வழிதான் நல்லது.

குழாய்களை எத்தனாலில் போட்டு அல்ட்ராசோனிக் (மீயொலி அதிர்வு) கருவியில் பிரித்து, தூளுடன் கலந்து, முழுவதும் உலர்த்துங்கள். பிறகு பால் மில் (ball mill), அதாவது ஜாடிக்குள் உலோக அல்லது பீங்கான் குண்டுகள் உருண்டு தூளை அரைக்கும் இயந்திரம்: எடையில் குண்டு 10 பங்கு, தூள் 1 பங்கு, ஒட்டாமல் தடுக்க 1 முதல் 2 சதவீதம் ஸ்டியரிக் அமிலம் (மெழுகு போன்ற கொழுப்பு அமிலம்), உள்ளே காற்றுக்குப் பதில் வினைபுரியாத ஆர்கான் வாயு. அமிலத்தை விட்டுவிட்டால் தூள் ஜாடிச் சுவரில் அப்பிக்கொள்ளும். ஜாடி சூடேறாமல் இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும். அரைத்த தூளை அழுத்திச் சூடாக்கித் துண்டாக்கும் முன் (இந்தச் சூடாக்கல்தான் சின்டரிங்) அமிலத்தை வெற்றிடத்தில் சூடாக்கி வெளியேற்றாவிட்டால், துண்டில் கொப்புளம் வரும்.

அரைப்பு கூடினால் கட்டி உடையும், குழாயும் உடையும். உடைந்த விளிம்புகள் சின்டரிங் சூட்டில் அலுமினியத்தோடு சேர்ந்து அலுமினியம் கார்பைடு என்ற சேர்மமாகும். இழையளவு கார்பைடு பிணைப்புக்கு உதவும். மிகுந்தால் துண்டு நொறுங்கும். ஈரம் பட்டால் கார்பைடு மீத்தேன் வாயு விட்டுச் சிதையும். லேசர் ஒளி சிதறுவதை அளக்கும் ராமன் சோதனையில், குழாயின் பழுதைக் காட்டும், 1350 cm⁻¹-க்கு அருகிலுள்ள டி முகடு, ஒழுங்கான கார்பனைக் காட்டும், 1580 cm⁻¹-க்கு அருகிலுள்ள ஜி முகட்டை ஒப்பிட வளர்ந்துகொண்டே போனால் மில்லை நிறுத்திவிடுங்கள்.

கடினத்தன்மை ஏறியது என்பதை மட்டும் வைத்து மகிழ வேண்டாம். வெறும் அலுமினியத் தூளை அரைத்தாலே உலோகத்துக்குள் இருக்கும் படிக மணிகள் சிறுத்துக் கடினம் ஏறும். நானோகுழாய் இல்லாமல் அதே நேரம் அரைத்து, அதே சூட்டில் அழுத்திய ஒப்பீட்டுத் துண்டு இல்லாத முடிவை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

ஜாடியைத் திறப்பதுதான் ஆபத்தான கட்டம். புதிதாக உடைந்த பரப்புக்கு ஆக்சைடு போர்வை இல்லை. காற்று திடீரெனப் பட்டால் தீப்பற்றும். ஜாடி ஆறிய பின், கிளவ் பாக்ஸில் (கையுறை பொருத்திய மூடிய பெட்டியில்) மெதுவாகக் காற்று விட்டுத் திறக்க வேண்டும். தீப்பிடித்தால் தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடு அணைப்பானும் கூடாது. உலர் மணலை மெல்லப் போட்டு மூடுங்கள். நானோகுழாய்த் தூளைத் திறந்த மேசையில் எடை போடவும் வேண்டாம்: ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பல சுவர்க் குழாய்களில் ஒரு வகையான எம்டபிள்யூசிஎன்டி-7-ஐ, மனிதரில் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது.