கண்ணாடிக்கு மேல் செங்கல் சுவர்: விக்டோரியா காலக் கடைகள் எப்படி நிற்கின்றன?

பிரிட்டனின் பழைய கடைத்தெருக்களில் விக்டோரியா காலக் கட்டடங்களைக் கவனியுங்கள். மேலே இரண்டு மூன்று மாடிக்குக் கனத்த செங்கல் சுவர். கீழே கிட்டத்தட்ட முழுவதும் கண்ணாடி. அவ்வளவு பெரிய சுவர் எதன்மேல் நிற்கிறது?

கடையின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும் உத்தரத்தின்மேல். 5 மீட்டர் அகலமுள்ள ஒரு கடைக்கு மேல், 9 அங்குலக் கனத்தில் 6 மீட்டர் உயரச் சுவர் என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்குச் சுமார் 430 கிலோ. ஜன்னல்களைக் கழித்தாலும் 10 டன் தேறும். மாடித் தளங்களும் கூரையும் இறக்கும் பாரம் தனி. இத்தனையையும் உத்தரம் வாங்கிப் பக்கச் சுவர்களுக்கும், நடுவில் நிற்கும் ஒல்லியான இரும்புத் தூண்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. கண்ணாடிக்கு எந்தப் பாரமும் இல்லை, இருக்கவும் கூடாது.

இந்த அமைப்பு பரவ, வரியும் ஒரு காரணம். பிரிட்டனில் 1845 வரை கண்ணாடிக்கு எடை பார்த்து வரி போட்டார்கள். அதனால் கடைகளில் மரச்சட்டத்துக்குள் சின்னச் சின்னக் கண்ணாடிகள்தான். வரி போனதும் தடித்த பெரிய கண்ணாடி வாங்கக் கட்டுபடியாகத் தொடங்கியது. உருகிய கண்ணாடியை இரும்பு மேசையில் ஊற்றி, உருளையால் பரப்பி, மெல்ல ஆறவிட்டு, இருபுறமும் மணலால் தேய்த்து மெருகேற்றிச் செய்வது அது. கண்ணாடி அகலமாக ஆக, இடையில் இருந்த செங்கல் தாங்கிகள் போய்த் தூண்கள் வந்தன.

முதலில் உத்தரம் மரத்தில் இருந்தது. சில இடங்களில் இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டார்கள். அடுத்து வார்ப்பிரும்பு. அதற்குள் கிராஃபைட் செதில் செதிலாகக் கிடப்பதால் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். உத்தரம் வளையும்போது இழுபடுவது அடிப்பாகம். அதனால் I வடிவ உத்தரத்தில், கீழே கிடையாக இருக்கும் அடிப்பட்டையின் பரப்பு மேற்பட்டையைப் போல 6 மடங்கு இருக்க வேண்டும் என்று மான்செஸ்டரில் பொறியியல் ஆய்வாளர் ஈட்டன் ஹாட்ஜ்கின்சன் சோதித்துச் சொன்னார். 1847-இல் செஸ்டரில் டீ ஆற்று ரயில் பாலத்தின் வார்ப்பிரும்பு உத்தரம் உடைந்து உயிர்கள் போன பிறகு அந்த இரும்பின் மேலிருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. போகப் போக உத்தரத்துக்கு, இழுத்தாலும் எளிதில் உடையாத தேனிரும்பும், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எஃகும் வந்தன. தூணில் பெரும்பாலும் அமுக்கம்தான் என்பதால் அங்கே வார்ப்பிரும்பு நீடித்தது. கிளாஸ்கோ ஜமைக்கா தெருவில் 1855-56-இல் எழுந்த கார்ட்னர் மரச்சாமான் கடையின் முகப்பு முழுவதுமே இரும்பும் கண்ணாடியும்தான். இன்று பார்த்தாலும் துணிச்சலான வேலை.

இக்கட்டடங்களுக்குப் பெரிய எதிரி தண்ணீர். பெயர்ப்பலகைக்கு மேலுள்ள விளிம்பில் ஈயத் தகடு கிழிந்தால் மழைநீர் நேராக உத்தரத்தில் இறங்கும். மரம் என்றால், சுவருக்குள் புதைந்த முனை முதலில் உளுத்துவிடும். எஃகு என்றால், துரு பல மடங்கு உப்பிச் செங்கல்லைப் பிளக்கும். சுண்ணாம்புக் காரையைச் சுரண்டிவிட்டு சிமென்ட் பூசுவது இன்னும் கெடுதல். உள்ளே போன ஈரம் வெளியேற வழி இருக்காது.

அடுத்த ஆபத்து, இடைஞ்சல் என்று நடுத்தூணை எடுத்துவிடுவது. தாங்கு இடைவெளி இரட்டித்தால், அதே உத்தரத்தில் வளைவிசை சுமார் 4 மடங்கு ஏறும். தொய்வு 16 மடங்கு.

தூணையும் வெளித்தோற்றத்தை வைத்து நம்பக் கூடாது. உள்ளே கூடாக வார்க்கும்போது நடுவிலுள்ள மணல் அச்சு நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். எதிரெதிர்ப் பக்கங்களில் சிறு துளையிட்டுத் தடிமன் அளக்க வேண்டும். விரிசல் இருந்தால் அவசரப்பட்டு வெல்டிங் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். சூடேற்றாமல் உலோகப் பூட்டுகளை வைத்துத் தைக்கும் முறை இருக்கிறது.

உத்தரத்தை மாற்றுவதானால் முதலில் சுவரைத் துளைத்துக் குறுக்குக் கட்டைகள் செருகி, இருபுறமும் முட்டுக் கொடுக்க வேண்டும். கடைக்கு அடியில் நிலவறை இருந்தால் முட்டு மரத்தளத்தோடு நிற்கக் கூடாது, நிலவறைத் தரைவரை போக வேண்டும். புது உத்தரம் வைத்து, மேலுள்ள இடுக்கில் ஈரம் குறைந்த காரையை இறுக அடைத்து, அது இறுகிய பின் முட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். பாரம் ஏறியதும் உத்தரம் சில மில்லிமீட்டர் தொய்யும். ஆகவே கண்ணாடி மாட்டுவது அதற்குப் பிறகுதான், அதுவும் மேலே சற்று இடைவெளி விட்டு.