இன்செர்ட்: செருகியா, உட்சுரையா?

வேட்டை அம்புகளைப் பற்றிப் படிக்க உட்காரும் யாரும் இரண்டாவது பக்கத்திலேயே முட்டிக்கொள்ளும் சொல் 'இன்செர்ட்'. கார்பன் அம்பின் தண்டு வெறும் குழாய். முனை தனியாக வரும், அதன் அடியில் திருகு மரை இருக்கும். தண்டின் சுவர் மெல்லியது என்பதால் அதிலேயே மரை வெட்ட முடியாது. எனவே, உட்புறம் மரை வெட்டிய சிறு உலோகக் குழல் ஒன்றைப் பசை தடவித் தண்டின் வாய்க்குள் செருகி, அதில் முனையைத் திருகுகிறார்கள். அந்தக் குழல்தான் இன்செர்ட். சுண்டுவிரலின் ஒரு கணு அளவு இருக்கும். அம்பின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த ஒரு கணுதான்.

சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'இன்' என்றால் உள்ளே, 'செரெரே' என்றால் கோத்தல், இணைத்தல். நாம் தினமும் சொல்லும் சீரீஸ், சீரியல் எல்லாம் இதே வேரில் முளைத்தவைதான், ஒன்றோடொன்று கோத்தவை என்ற பொருளில். லத்தீனில் இதே உருவத்தில் இன்னொரு 'செரெரே'யும் உண்டு. அதற்கு விதைத்தல் என்று பொருள், அதிலிருந்து வந்த 'இன்செரெரே' ஒட்டுக்கட்டுதலைக் குறித்தது. ஆங்கிலத்துக்கு வந்தது முதல் சொல்தான். ஆனாலும் ஒட்டுச்செடியையும் அம்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் பிழைப்பதும் கெடுவதும் மூட்டில்தான்.

தமிழ்ப் பேச்சில் இந்தச் சொல் ஏற்கெனவே பல வேலை பார்க்கிறது. லேத் பட்டறையில் வெட்டுமுனைத் துண்டு இன்செர்ட், கணினி விசைப்பலகையில் ஒரு பொத்தான் இன்செர்ட், சட்டையை பேண்டுக்குள் விடுவதும் 'இன்சர்ட் பண்ணு'. எல்லாவற்றுக்கும் பொதுவான செயல் செருகுதல். அதனால் அம்பின் உறுப்பையும் 'செருகி' என்று பெயர்த்துவிடத் தோன்றும். தவறில்லை, உடனே புரியும். ஆனால் எனக்கு அதில் ஒரு மனக்குறை. செருகுவது ஒரு முறை நடந்து முடிகிற வேலை. அதற்குப் பிறகு ஒவ்வொரு அடியிலும் அந்தக் குழல் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே, அந்த வேலைக்குச் 'செருகி'யில் இடமில்லை.

பிடித்துக்கொள்ளும் பொருளுக்குத் தமிழில் பழைய சொல் ஒன்று இருக்கிறது: சுரை. சுரை என்றதும் காய்தான் நினைவுக்கு வரும். உள்ளே குழிவும் துளையும் உள்ள பொருளுக்கும் அதுவே பெயர். புறநானூற்றின் 97ஆம் பாட்டில், அதியமானின் வேல்கள் போரில் பட்ட பாட்டை ஔவையார் சொல்கிறார்: 'சுரை தழீஇய இருங்காழொடு மடைகலங்கி நிலைதிரிந்தன'. காழ் என்பது வேலின் தண்டு. தண்டைத் தழுவிப் பிடித்திருக்கும் உலோகக் குழிவு சுரை. மடை என்பது இரண்டும் சேரும் மூட்டு. அடித்த அடியில் மூட்டு நெகிழ்ந்து வேல் தன் நிலை மாறிப்போனதாம். இன்றைக்கு முனை ஆடுகிற ஒரு கார்பன் அம்பைக் கையில் எடுத்தால் அதே கோளாறுதான். 'மடை கலங்கிவிட்டது' என்பதைவிடப் பொருத்தமாக அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு வேறுபாடு. அந்த வேலில் சுரை வெளியே இருந்து தண்டைத் தழுவியது. இன்றைய அம்பில் தண்டு வெளியே, சுரை உள்ளே. ஆகவே 'உட்சுரை' என்பது என் தேர்வு. தண்டின் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டோ தண்டை மூடிக்கொண்டோ இருக்கும் வகையை ஆங்கிலத்தில் 'அவுட்செர்ட்' என்கிறார்கள். 'இன்' இருந்த இடத்தில் 'அவுட்'டைப் போட்டு அவர்களாகவே தைத்துக்கொண்ட சொல் அது. நமக்குத் தையல் தேவையில்லை, புறச்சுரை என்றால் முடிந்தது. தண்டின் வாயைச் சுற்றி மாட்டும் வளையமான 'காலர்' இன்னும் எளிது. உலக்கை நுனியில் மாட்டியிருப்பதற்கு என்ன பெயரோ அதுதான்: பூண்.

பூண் என்ற பெயர் வெறும் ஒப்புமைக்காக வைத்ததல்ல, வேலையும் அதேதான். உலக்கை நுனி இடிபட்டுப் பிளக்காமல் பூண் இறுக்கிப் பிடிக்கிறது. கார்பன் தண்டில் இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால், கெட்டியான எலும்பிலோ கல்லிலோ மோதினால் அது நீளவாக்கில்தான் விரியும். சில நேரம் உட்சுரையே பின்னோக்கித் தள்ளப்பட்டு, வாய் காளான்போல் மலர்ந்துவிடும். வெளியே ஒரு பூண் இருந்தால் விரிய இடம் இருக்காது. பழைய அலுமினிய அம்பு உடைந்தால் தூக்கிப் போடாதீர்கள். கார்பன் தண்டின் மேல் சரியாக ஏறும் அளவுள்ளதாக இருந்தால், அதிலிருந்து ஓரங்குலத் துண்டை அறுத்து ஒட்டிக்கொள்ளலாம். அலுமினியத் தண்டில் அச்சிட்டிருக்கும் எண்ணே அளவைச் சொல்லிவிடும். 2117 என்றால் வெளிவிட்டம் 21/64 அங்குலம், சுவர் 0.017 அங்குலம்.

சரி, எந்த உலோகம்? அலுமினியம் எடை குறைவு, விலையும் குறைவு, ஆனால் மரை சீக்கிரம் தேயும். பித்தளை ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்த்தி, முன்பாரம், அதாவது அம்பின் முன்பக்கம் கூடுதல் எடை, வேண்டுபவர்கள் அதற்குப் போவார்கள். துருப்பிடிக்காத எஃகு வளையாது, மரையும் நிலைக்கும். டைட்டானியம் எஃகின் உறுதியைக் குறைந்த எடையில் தரும், பணப்பையும் அதற்கேற்ப இளைக்கும். முனையின் மரை பொதுவாக 8-32, அதாவது எட்டாம் எண் திருகு, அங்குலத்துக்கு 32 சுற்று. ஆனால் தண்டின் உள்விட்டம் ஒன்றல்ல: 0.246, 0.204, 0.166 அங்குலம் என்று பல. ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றில் ஏறாது. குழாய் மெலிய மெலிய உள்ளே மரைக்கு இடம் போதாமல் புறச்சுரை தேவைப்படுகிறது. பக்கவாட்டில் அடிபட்டால் மெல்லிய அலுமினியப் புறச்சுரைதான் முதலில் வளையும். இந்த இடத்தில் மட்டும் எஃகுக்குக் கூடுதல் செலவு செய்வது நியாயம் என்பேன்.

எடையைக் 'கிரெயின்' கணக்கில் சொல்வார்கள். தானிய மணி என்பதுதான் சொல்லின் பொருள், நம் குன்றிமணி எடைபோல. ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின். 15 கிரெயின் அலுமினியத்தை எடுத்துவிட்டு 75 கிரெயின் பித்தளையைப் போட்டால் கூடுவது 4 கிராமுக்கும் குறைவு. கையில் தெரியாது, அம்புக்குத் தெரியும். முன்பாரம் கூடினால் எய்யும் நொடியில் தண்டு அதிகமாக வளையும். முன்பு நேராகப் பறந்த அதே தண்டு இப்போது தொய்வாக நடந்துகொள்ளும். அதனால் தண்டின் விறைப்பைப் பார்க்காமல் உட்சுரையின் எடையை மட்டும் ஏற்றக் கூடாது. முன்பாரத்தைக் கணக்கிடுவது எளிது. 28 அங்குலத் தண்டு, குதையின் (நாணில் பொருந்தும் பின்முனை) பள்ளத்திலிருந்து 17.5 அங்குலத்தில் சமனாக நிற்கிறது என்று வையுங்கள். நடுப்புள்ளி 14. வித்தியாசம் 3.5, அதை 28ஆல் வகுத்தால் 12.5 விழுக்காடு. வேட்டை அம்புக்கு 10 முதல் 15 வரை வழக்கமான அளவு.

இதையெல்லாம்விட மடைதான் முக்கியம். ஒருமுறை இலக்கிலிருந்து அம்பை உருவினேன், தண்டு மட்டும் கையோடு வந்தது. முனையும் உட்சுரையும் உள்ளேயே தங்கிவிட்டன. வெளியே தோண்டி எடுத்துப் பார்த்தால் உலோகத்தில் பசை அப்படியே முழுசாக இருக்கிறது, தண்டின் உட்சுவரில் மட்டும் பிடிக்கவே இல்லை. அறுத்தபோது விழுந்த கார்பன் தூளைத் துடைக்காமல் ஒட்டியிருக்கிறேன். அதன் பிறகு பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, குச்சி கறுக்காமல் வெள்ளையாக வெளியே வரும்வரை துடைக்கிறேன். தண்டின் வாய் சாய்வாக அறுபட்டிருந்தால் உட்சுரையின் விளிம்பு ஒரு மூலையில் மட்டும் உட்காரும். மோதலின் பாரம் முழுவதும் அந்த மூலைக்குப் போகும், பிளவும் அங்கேதான் தொடங்கும். ஆகவே முதலில் வாயைச் சமமாகத் தேய்க்க வேண்டும்.

பசையில் இரண்டு கட்சி. எபாக்சி கெட்டியாகப் பிடிக்கும், முழுதாக இறுக ஒரு நாள் விட வேண்டும். சூட்டில் இளகும் பசை அவ்வளவு உறுதியில்லை, ஆனால் தண்டு உடைந்தாலும் உட்சுரையைக் கழற்றி அடுத்ததில் போடலாம். விலை உயர்ந்த உட்சுரை வாங்கியவருக்கு இது சேமிப்பு. சூடு காட்டுவது முனைக்கு மட்டும்தான். தண்டில் தீ பட்டால் கார்பனைப் பிணைத்திருக்கும் பிசின் கெட்டுவிடும். எந்தப் பசையானாலும் சுழற்றிக்கொண்டே உள்ளே விட்டால் சுற்றிலும் பரவும்.

என்னைக் கேட்டால் டைட்டானியம் மட்டும் போட்ட அம்பைவிட, சாதாரண அலுமினிய உட்சுரை, ஒரு பூண், சுத்தமாக ஒட்டிய மடை இவை மூன்றும் சேர்ந்தது அதிக நாள் உழைக்கும், செலவும் குறைவு. பலமாக மோதிய ஒவ்வொரு முறையும் தண்டை லேசாக வளைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். நொறுங்கும் சத்தம் கேட்டால் அந்தத் தண்டை மறுபடி எய்யவே கூடாது, நாணை விடும்போது அது கையிலேயே சிதறக்கூடும். முனையை உள்ளங்கையில் ஊன்றிச் சுழற்றிப் பாருங்கள், அதிர்வு தெரிந்தால் மரை தளர்ந்திருக்கும் அல்லது மடை கலங்கியிருக்கும்.

கடையில் கேட்கும்போது மட்டும் 'இன்செர்ட்' என்றே கேளுங்கள். 'உட்சுரை இருக்கிறதா' என்று கேட்டால், நமக்கே மரை கழன்றுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.