குறைவாகச் சாப்பிட்டால் ஆயுள் கூடுமா?

உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களில் சிலர் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். நோய்க்காக அல்ல, ஆயுள் கூடும் என்று எங்கோ படித்ததற்காக.

அதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 1935-லேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே என்ற ஆய்வாளர், கலோரியைக் குறைத்து வளர்த்த எலிகள் அதிக நாள் வாழ்ந்ததைக் காட்டினார். ஆனால் அந்த எலிகளுக்கு வைட்டமினும் தாது உப்பும் குறையாமல் கொடுக்கப்பட்டன. இந்த இடத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் குரங்குகள். அமெரிக்காவில் இரண்டு இடங்களில் பல ஆண்டுகள் ஆய்வு நடந்தது. விஸ்கான்சினில் குறைவாகச் சாப்பிட்ட குரங்குகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. தேசிய முதுமையியல் நிறுவனத்தில் ஆயுளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏன் இப்படி? விஸ்கான்சினில் ஒப்பீட்டுக்கு வைத்த குரங்குகள் சர்க்கரை மிகுந்த உணவை இஷ்டப்படி சாப்பிட்டன. மற்ற இடத்திலோ ஒப்பீட்டுக் குரங்குகளுக்கும் உணவை அளந்துதான் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், பலனில் பெரும்பங்கு மிகையாகச் சாப்பிடுவதை நிறுத்தியதால் வந்தது. ஏற்கெனவே அளவாகச் சாப்பிடுகிறவர் இன்னும் குறைத்தால் அதே பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

சரி, மனிதர்களுக்கு? உடல் பருமன் இல்லாத 200-க்கும் மேற்பட்டோரிடம் 2 ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. கலோரியை 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். சராசரியாக 12 சதவீதம்தான் முடிந்தது. அதற்கே ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் குறைந்தன. கூடவே தசையும் எலும்பின் அடர்த்தியும் கொஞ்சம் குறைந்தன. ஆயுள் கூடியதா என்பதை 2 ஆண்டில் சொல்ல முடியாது.

அந்தத் தசை இழப்புதான் எனக்குக் கவலை. எழுபதைத் தாண்டிய ஒருவர், எடை குறைந்ததைப் பெருமையாகச் சொன்னார். நாற்காலியிலிருந்து எழச் சொன்னேன். இரண்டு கையையும் ஊன்றித்தான் எழுந்தார். தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கவும் சிரமப்பட்டார். அவருக்குக் கலோரியைக் கூட்டி, ஒவ்வொரு வேளையிலும் புரதம் சேர்த்து, எழுந்து உட்காரும் பயிற்சியும் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வயதில் தசை போனால் விழுவதும் எலும்பு முறிவதும் பக்கத்தில் வந்துவிடும்.

நடுத்தர வயதில் தொப்பை, கூடுதல் எடை, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை இருந்தால் கலோரியைக் குறைப்பது நல்லது, தயங்காமல் செய்யுங்கள். இனிப்புப் பானம், நொறுக்குத் தீனி, இரவில் தாமதமாகச் சாப்பிடும் இரண்டாவது தட்டு, இவற்றில் தொடங்குங்கள். புரதத்திலும் காய்கறியிலும் கை வைக்காதீர்கள். வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், ஏற்கெனவே மெலிந்தவர்கள், உணவுக் கோளாறு (பட்டினி கிடப்பது, அளவுமீறிச் சாப்பிடுவது போன்ற மனநலச் சிக்கல்) இருந்தவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள் மருத்துவரிடம் பேசாமல் ஒரு வேளையைக்கூட விடாதீர்கள், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். முயற்சியே இல்லாமல் ஆறு மாதத்தில் எடை 5 சதவீதம் குறைந்திருந்தால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாமல் உடனே பரிசோதனைக்குப் போங்கள்.