51 சதவீதம் பேப்பரில் இருந்தால் போதாது

"லைசென்ஸ் அவர் பேர்ல இருக்கும், கடைய நாம நடத்திக்கலாம்." நியூயார்க் கஞ்சாக் கடையில் பணம் போட அழைப்பு வரும்போது பேச்சு அநேகமாக இப்படித்தான் தொடங்கும். இந்த ஏற்பாட்டுக்கு நம்மிடம் ஒரே பெயர்தான்: பினாமி. நியூயார்க் சட்டமும் இதை அப்படித்தான் பார்க்கிறது.

அந்த மாநிலத்தில் 21 வயது நிரம்பியவர்களுக்குக் கஞ்சா விற்க வழிசெய்த சட்டம் 2021 மார்ச் 31 அன்று கையெழுத்தானது. கஞ்சா வழக்குகளில் அதிகம் சிக்கியவர்கள் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்கள். அதே கஞ்சா சட்டப்படியான வியாபாரம் ஆகும்போது லாபம் மட்டும் வேறு யாருக்கோ போகக் கூடாது என்பதற்காக வந்ததுதான் சமூக நீதிப் பிரிவு. உரிமங்களில் பாதி இப்பிரிவினருக்குப் போக வேண்டும் என்பது இலக்கு. போலீஸ் கெடுபிடி அதிகமிருந்த பகுதிகளைச் சேர்ந்தவர்கள், சிறுபான்மையினர், பெண்கள், நொடித்த விவசாயிகள், பணியில் உடல் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்கள் இதில் வருவார்கள். விண்ணப்பக் கட்டணம் 1,000 டாலர், இவர்களுக்குப் பாதி. அதெல்லாம் சில்லறைச் செலவு, சிக்கல் இருப்பது பங்கில்.

இவர்கள் கையில் குறைந்தது 51 சதவீதப் பங்கு இருக்க வேண்டும். பலர் இந்த எண்ணோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அன்றாட முடிவுகளைச் சுயமாக எடுக்கும் அதிகாரமும் அவர்களிடம் இருக்க வேண்டும், அதை அவர்கள் பயன்படுத்தவும் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

மாதிரிக்கு ஒரு ஒப்பந்தக் கட்டைப் பிரித்துப் பார்ப்போம். பங்குப் பத்திரத்தில் 51 சரியாகவே இருக்கும். அதற்கடியில் ஒரு நிர்வாக ஒப்பந்தம்: ஆள் எடுப்பது, விலை வைப்பது, சரக்கு வாங்குவது எல்லாம் மேனேஜ்மென்ட் கம்பெனி பொறுப்பு, கூலி லாபத்தில் 80 சதவீதம். அதற்கடியில் ஒரு கடன் பத்திரம்: ஒரு தவணை தவறினாலும் பங்கு முழுக்கக் கடன் கொடுத்தவருக்கு. கடைசியில் பணம் போட்டவருக்கு வாங்கும் உரிமை: மூன்று ஆண்டு கழித்து அந்த 51 சதவீதத்தையும் இன்றே பேசிய விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஏன் மூன்று ஆண்டு? அதற்குள் சமூக நீதி உரிமத்தை அதே தகுதி உள்ள இன்னொருவருக்குத்தான் மாற்ற முடியும், அதற்கும் மாநிலக் கஞ்சாக் கட்டுப்பாட்டு வாரியத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். இந்தப் பத்திரங்களைச் சேர்த்துப் படித்தால் உரிமக்காரருக்கு மிஞ்சுவது கையெழுத்து போடும் வேலைதான். உரிமம் ரத்தானால் அவர் மட்டும் மூழ்குவதில்லை, பணம் போட்டவரும் சேர்ந்துதான். இந்தக் கடைகளின் வியாபாரம் ஃபெடரல் சட்டப்படி இன்னும் குற்றம் என்பதால், நொடித்த கடைக்குப் பாதுகாப்புக் கேட்டு ஃபெடரல் திவால் நீதிமன்றம் போகவும் வழியில்லை.

இன்னொரு பொறி, சாகுபடியும் கடையும் சேரக் கூடாது என்ற விதி. மைத்துனரோடு சேர்ந்து கஞ்சாப் பண்ணையில் சிறு பங்கு வைத்திருப்பவர், அதை மறந்துவிட்டுக் கடையிலும் பங்கு வாங்கினால் இரண்டு உரிமங்களுக்கும் ஆபத்து.

அடுத்தது இடம். முதலில் அந்த ஊர் கடைகளை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். 2021 டிசம்பர் 31-க்குள் வேண்டாம் என்று விலகிக்கொண்ட ஊர்கள் நிறைய. பள்ளிக்கு 500 அடி, அதே சாலையில் உள்ள வழிபாட்டுத் தலத்துக்கு 200 அடி தள்ளி இருக்க வேண்டும். இங்கே அளவு நாடாவை எங்கே வைப்பது என்பதிலேயே பெரிய குளறுபடி நடந்தது. பள்ளி வாசலிலிருந்து அளந்து ஒப்புதல் கொடுத்துவந்தது மாநிலக் கஞ்சா நிர்வாக அலுவலகம். சட்டப்படி பள்ளி வளாக எல்லையிலிருந்து அளந்திருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் அதுவே சொன்னது. ஏறக்குறைய 150 கடைகளும் விண்ணப்பங்களும் அந்தரத்தில் தொங்கின. ஆகவே இரண்டு விதமாகவும் அளந்து, இரண்டிலும் தேறும் இடத்தையே எடுங்கள். இடத்துக்கு ஒப்புதல் வந்த பிறகே வாடகை தொடங்கும், மறுத்தால் முன்பணம் திரும்பும் என்று லீஸில் எழுதி வாங்குங்கள். இந்த வரி இல்லாமல் உரிமத்துக்குக் காத்திருந்த மாதங்களுக்கெல்லாம் வாடகை கட்டித்தான் பலரின் முதல் கரைந்தது. கட்டடம் அடமானத்தில் இருந்தால் அந்தப் பத்திரத்தையும் கேளுங்கள். ஃபெடரல் சட்டத்துக்குப் புறம்பான தொழிலுக்கு விடக் கூடாது என்ற நிபந்தனை அதில் சாதாரணம்.

அடுத்தது வரி. ஃபெடரல் வருமான வரிச் சட்டத்தின் 280இ பிரிவைக் கணக்கு போட்டே பார்த்துவிடலாம். விற்பனை 10 லட்சம் டாலர், சரக்கு அடக்கவிலை 6 லட்சம், வாடகையும் சம்பளமும் மற்றவையும் மூன்றரை லட்சம். கையில் நிற்பது 50,000. மற்ற கடையானால் இதில் 21 சதவீதம், அதாவது 10,500 வரி. 280இ பொருந்தும் கடைக்கு அடக்கவிலையைத் தவிர எதையும் கழிக்க முடியாது; 4 லட்சத்துக்கு 84,000 வரி. லாபத்தில் நடக்கும் கடை வரி கட்டியே நஷ்டத்தில் விழும். இந்தப் பிரிவு ஃபெடரல் போதைப்பொருள் பட்டியலின் முதல் இரண்டு அட்டவணைகளுக்கே பொருந்தும். முதலாவதில் இருந்த கஞ்சாவை மூன்றாவதுக்கு இறக்கும் முன்மொழிவு 2024 மே மாதம் வந்தது. எந்த ஆண்டு வரிக்கு எந்த நிலை என்பதைக் கணக்காளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

நம்மவர்களுக்கு விஷயம் இதோடு முடிவதில்லை. நியூயார்க் சட்டத்தில் சிறுபான்மையினர் என்பது இந்தியத் துணைக்கண்டத்து வம்சாவளியினரையும் சேர்த்துத்தான். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் போதும். அதாவது கிரீன் கார்டு வைத்திருக்கும் தமிழர் சமூக நீதி உரிமத்துக்கு நேரடியாகவே தகுதி பெறலாம். அதே நபர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, மாநிலம் அனுமதித்த கஞ்சாத் தொழிலில் இருந்தாலும் நன்னடத்தைத் தகுதி அடிபடலாம் என்று ஃபெடரல் குடிவரவுத் துறை 2019 ஏப்ரலில் அறிவித்தது. ஒரு அரசு சலுகையாகக் கொடுப்பதை இன்னொரு அரசு குற்றமாக எண்ணுகிறது. போதைப்பொருள் வியாபாரி என்று நம்ப இடமிருந்தால் தண்டனையே இல்லாமலும் நாட்டுக்குள் நுழையத் தடை வரலாம். தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ கடந்த ஐந்தாண்டுக்குள் அந்தப் பணத்தில் பயனடைந்த மனைவி, கணவர், பிள்ளைகளும் இந்தத் தடைக்குள் வருவார்கள். அட்டவணை மாறினாலும் கஞ்சா கட்டுப்படுத்தப்பட்ட பொருளாகவே இருக்கும் என்பதால் இந்த ஆபத்து போகாது. ஹெச்-1பி, கிரீன் கார்டு எதில் இருப்பவரானாலும், பங்கு வாங்கினாலும் கட்டடத்தை மட்டும் வாடகைக்கு விட்டாலும், முதல் செக்கை எழுதுவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒப்பந்த நகலைக் காட்டுங்கள். கஞ்சா உரிம வழக்கறிஞரின் சம்மதக் கடிதம் மாநிலச் சட்டத்துக்கு மட்டுமே பேசும்.